தாம்பரம் மாநகராட்சியோடு சுற்றியுள்ள ஊராட்சிகளை இணைப்பது சரியா? – ஒரு விவாதம்

முடிச்சூரான் எழுதியது:

தாம்பரம் மாநகராட்சியின் எல்லையை விரித்து, அதை ஒட்டியிருக்கும் ஊராட்சிகளையும் அதில் சேர்த்துவிட வேண்டும் என்ற பேச்சு மறுபடியும் எழுந்திருக்கிறது. புனித தோமையார்மலை ஊராட்சி ஒன்றியத்தில் எங்கள் முடிச்சூரோடு பொழிச்சலூர், கவுல் பஜார், மேடவாக்கம், நன்மங்கலம், பெரும்பாக்கம் என மொத்தம் 15 ஊராட்சிகள் உள்ளன. இவற்றுக்கு 2021 அக்டோபரில் தேர்தல் நடந்ததால், ஐந்தாண்டுப் பதவிக்காலம் 2026 அக்டோபரில் முடிகிறது. அதன் பிறகு தேர்தலா, இணைப்பா என்ற கேள்வி எங்கள் தெருத் தேநீர்க் கடைவரை வந்துவிட்டது. நான் இணைப்பை எதிர்க்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், மாற்றுக் கருத்துள்ளவர்கள் மறுக்கலாம்.

ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. குடியரசு நாள், மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், நவம்பர் 1 உள்ளாட்சி நாள் ஆகிய அந்த ஆறு நாட்களிலும், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் எழுந்து நின்று வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். தெருவிளக்குக்கு ஒதுக்கிய தொகை எங்கே போயிற்று என்று ஒரு முறை கேட்டபோது, மேசைமேல் இருந்த பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பி வைத்துப் படித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தப் பதிவேட்டைத் தொடும் உரிமை எனக்குப் பெரிது.

மாநகராட்சி என்றால் என்ன ஆகும்? 2021 நவம்பர் 3 அன்று தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாக்கி, ஏறத்தாழ 87 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மாநகராட்சியை அமைத்தார்கள். 2011 கணக்குப்படியே அங்கு 7.2 லட்சம் மக்கள், வார்டுகளோ 70. அதாவது ஒரு மாமன்ற உறுப்பினருக்குப் பத்தாயிரம் பேருக்கு மேல். எங்கள் ஊராட்சி வார்டு உறுப்பினர் வீட்டுக்கு நான் நடந்தே போய் வருகிறேன்.

நீர்வழி எழுதியது:

முடிச்சூரான் ஐயா, உங்கள் கிராம சபையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 2015 டிசம்பர் 1-ஆம் நாள் இரவை உங்கள் ஊரார் எவரும் மறந்திருக்க முடியாது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி அடையாற்றில் இறங்கிய வெள்ளம், முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மேற்குத் தாம்பரத்திலும் வீடுகளுக்குள் ஆளுயரத்துக்கு நின்றது. படகு விட்டு மக்களை மீட்டார்கள். அந்த வெள்ளம் இது ஊராட்சி, இது நகராட்சி என்று பார்த்து வரவில்லை.

நான் நீர்ப்பாசனப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன், செம்பாக்கத்தில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராஜகீழ்ப்பாக்கம் ஏரி நிரம்பினால் செம்பாக்கம் ஏரிக்கு வரும். செம்பாக்கம் கலங்கல் (மிகுநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் நன்மங்கலம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேரும். இது நம் முன்னோர் வெட்டிய சங்கிலி. இந்தச் சங்கிலியில் செம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சி, நன்மங்கலம் ஊராட்சி, கீழ்க்கட்டளை மறுபடியும் தாம்பரம் மாநகராட்சி, பள்ளிக்கரணை சென்னை மாநகராட்சி. ஒரே தண்ணீர் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் மூன்று முறை ஆள்மாறுகிறது. நடுவில் இருக்கும் ஊராட்சியின் வாய்க்கால் தூர்ந்துகிடந்தால் மேலே உள்ளவன் முழுகுகிறான். மேலே உள்ளவன் கழிவுநீரைத் திறந்துவிட்டால் கீழே உள்ளவன் கிணறு கெடுகிறது. ஒருவர் செய்யும் பிழைக்கு வேறொருவர் வாக்களித்த மன்றம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தால்தான் இதற்கு ஒரு வழி பிறக்கும் என்பது என் உறுதியான கருத்து.

பல்லவபுரத்தான் எழுதியது:

இணைப்பு நடந்த ஊரிலிருந்து ஒருவன் பேசுகிறேன்.

எங்கள் பல்லாவரத்துக்குப் பல்லவபுரம் என்று பழைய பெயர். முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரை இன்றும் எங்கள் மலைச்சரிவில் இருக்கிறது. இந்தியாவின் பழைய கற்காலக் கருவி முதன்முதலாகக் கண்டெடுக்கப்பட்டதும் இங்கேதான்: 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரம் படைமுகாமுக்கு அருகே ஒரு சரளைக் குழியில் கைக்கோடரியை எடுத்தார். நம் துணைக்கண்டத்தின் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லில் இருந்துதான் தொடங்குகிறது. பிறகு 1912-இல் குரோம் தோல் தொழிற்சாலை வந்தது. குரோம்பேட்டை என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். 2011 கணக்கெடுப்பில் பல்லாவரம் நகராட்சியில் 2,15,417 பேர். தாம்பரம் நகராட்சியில் 1,74,787 பேர். வயதிலும் மூத்தது, ஆள்கணக்கிலும் பெரியது எங்கள் ஊர். ஆயினும் மாநகராட்சிக்குப் பெயர் தாம்பரம், தலைமை அலுவலகமும் தாம்பரம். நாங்கள் இப்போது ஒரு மண்டலம்.

பெயர் போனால் போகட்டும். போகக் கூடாத ஒன்றும் போய்விட்டது. இணைப்புக்கு முன் தாம்பரம் நகராட்சியில் 39 வார்டுகள், பல்லாவரம் நகராட்சியில் 42 வார்டுகள். இந்த இரண்டு ஊர்களுக்கு மட்டும் 81 உறுப்பினர்கள் இருந்தார்கள். இன்று பத்து ஊர்களுக்கும் சேர்த்து 70 பேர். மற்ற எட்டு மன்றங்களில் இருந்த உறுப்பினர்களையும் கூட்டினால் எத்தனை நாற்காலிகள் எடுக்கப்பட்டன என்பதை அவரவரே எண்ணிக்கொள்ளலாம். 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரை மன்றமே இல்லாமல் அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆண்டார்கள். மன்றம் இல்லாத அந்த இடைவெளியில்தான் இணைப்பு முடிவாயிற்று. இணைக்கப்பட்ட ஊர்களின் மன்றங்கள் கூடி ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதற்கு, அப்போது மன்றம் என்று ஒன்று உயிரோடு இல்லை. முடிச்சூரான் அவர்களே, உங்களுக்கு இன்னும் மன்றம் இருக்கிறது. அது இருக்கும்போதே பேசிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சேலையூர் ஆசிரியை எழுதியது:

பல்லவபுரத்தான் ஐயாவின் ஊர்ப்பற்றை மதிக்கிறேன். ஆனால் மூத்த ஊர், இளைய ஊர் என்ற அளவுகோல் இங்கே பயன்படாது. தாம்பரத்தைத் தாம்பரமாக ஆக்கியது ஊர்ப்பழமை அன்று. வெளியிலிருந்து வந்து குடியேறிய நிறுவனங்களும் அவற்றைப் பின்தொடர்ந்து வந்த மக்களும்தான்.

1928-இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக ஒரு ஆரோக்கிய நிலையத்தைத் தொடங்கினார். அன்றைய தாம்பரம் காடும் காற்றும் நிறைந்த இடம் என்பதால்தான் அவர் அங்கே வந்தார். அந்த மருத்துவமனையின் பெயரிலேயே இன்றும் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1931-இல் கடற்கரை – தாம்பரம் மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் பிறகு விமானப்படைத் தளம், 1984-இல் ஏற்றுமதி வளாகம், 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று வரிசையாக வந்தன. மாதச் சீட்டு எடுத்துக்கொண்டு நகரத்துக்கு வேலைக்குப் போய்வர முடியும் என்ற ஒரே வசதியை நம்பி, நடுத்தரக் குடும்பங்கள் மனை வாங்கின. என் தந்தையும் அப்படி வாங்கியவர்தான். மீட்டர் கேஜ் வண்டி 2004-இல் நின்றபோது அவர் கண் கலங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், புறநகர் என்பது யாரும் திட்டமிட்டு எல்லை போட்டு வளர்ந்ததில்லை. மக்கள் முன்னே போனார்கள். உள்ளாட்சி பின்னாலேயே ஓடி வந்தது. இன்று அதே ஓட்டம் பெரும்பாக்கத்திலும் மேடவாக்கத்திலும் நடக்கிறது. பெரும்பாக்கத்தைப் பாருங்கள். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் குடிசைப் பகுதிகளிலிருந்தும் அகற்றப்பட்ட மக்களுக்காக அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை அரசு கட்டியிருக்கிறது. எட்டு மாடிக் கட்டடங்கள், மின்தூக்கிகள், கழிவுநீரேற்று நிலையங்கள் என ஒரு நகரமே எழுந்து நிற்கிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது ஒரு கிராம ஊராட்சி. வேலையையும் பள்ளியையும் விட்டுவிட்டு இவ்வளவு தூரம் பெயர்க்கப்பட்ட அந்த மக்களுக்கு, ஊராட்சிச் செயலர் ஒருவரையும் சில தூய்மைக் காவலர்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும்? கிராம சபையில் எழுந்து கேட்கும் உரிமை பெரிதுதான். கேட்டதைச் செய்து கொடுக்கப் பணமும் பொறியாளரும் இல்லாத இடத்தில் அந்த உரிமை பாதி உரிமைதான்.

முடிச்சூரான் எழுதியது:

ஆசிரியை அம்மா பெரும்பாக்கத்தைச் சொன்னது என்னைத் தைத்தது. அதற்கு நான் உடனே பதில் சொல்லப் போவதில்லை. முதலில் நீர்வழி ஐயாவுக்கு.

ஐயா, நீங்கள் அடுக்கிய ஏரிகளில் எது உள்ளாட்சியின் கையில் இருக்கிறது? இராஜகீழ்ப்பாக்கமானாலும் நன்மங்கலமானாலும் பெரிய ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளவை. கரையை உயர்த்துவதும் கலங்கலைச் சீரமைப்பதும் அந்தத் துறைதான். துறை ஒன்றுதான், எல்லை எதுவானாலும். அப்படியிருக்க, ஊராட்சியைக் கலைத்தால் ஏரிகள் ஒன்றுபட்டுவிடும் என்பது எப்படிப் பொருந்தும்?

இன்னொன்று. பல உள்ளாட்சிகள் சேர்ந்து திட்டமிடுவதற்கு அவற்றைக் கலைத்துத்தான் ஆக வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்லவில்லை. 74-ஆவது திருத்தம் பெருநகரத் திட்டக் குழு என்று ஒன்றை வகுத்திருக்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகரப் பகுதியில், நகராட்சிகளின் உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீர், கழிவு, சாலை ஆகியவற்றைப் பொதுவாகப் பேசுவதற்கு உரிய மேடை அது. அந்த மேடையில் நன்மங்கலம் ஊராட்சித் தலைவர் உட்கார்ந்து, மேலே உள்ள செம்பாக்கத்துக்காரரோடும் கீழே உள்ள சென்னைக்காரரோடும் பேசட்டும். அதை விட்டுவிட்டு ஊராட்சியையே அழிப்பது, பேச வேண்டியவரை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டுச் சமாதானம் ஆயிற்று என்று சொல்வதைப் போல் இருக்கிறது.

வரியையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்துவரியை உயர்த்தியபோது, தாம்பரம் போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 விழுக்காடு முதல் 100 விழுக்காடு வரை உயர்ந்தது. ஊராட்சியில் வீட்டுவரி அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை. எங்கள் ஊரில் இன்னும் மாடு வைத்திருப்பவர்களும், ஊரக வேலைத் திட்டத்தில் மண்வெட்டி எடுத்துப் போகும் பெண்களும் இருக்கிறார்கள். நகர எல்லைக்குள் வந்த மறுநாள் அவர்களுக்கு அந்த வேலை கிடையாது. அதற்கு ஈடாக அவர்களுக்கு என்ன தரப்போகிறோம் என்று இணைப்பை ஆதரிப்பவர் எவரும் இதுவரை சொல்லக் கேட்டதில்லை.

நீர்வழி எழுதியது:

ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு என்பது உண்மை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏரியைக் கொல்வது கரை உடைப்பு மட்டுமன்று. தெருத் தெருவாக வரும் மழைநீர் வடிகாலும், அதில் கலந்துவிடும் வீட்டுக் கழிவுநீரும், கரையோரம் கொட்டப்படும் குப்பையும்தான். இவை மூன்றும் உள்ளாட்சியின் வேலை. செம்பாக்கம் ஏரியில் ஆகாயத் தாமரை படர்ந்ததற்கு நீர்வளத் துறை காரணமில்லை. பாதாளச் சாக்கடை இல்லாத நம் வீடுகள் காரணம். என் வீட்டுக் கழிவுத் தொட்டியும் இதில் சேர்த்திதான்.

ஓர் ஊராட்சி தன் வரி வருவாயை மட்டும் நம்பிப் பாதாளச் சாக்கடை போட முடியுமா? குழாயைப் புதைப்பது ஒரு செலவு. நீரேற்று நிலையம் இன்னொரு செலவு. சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும், அதுவும் தாழ்வான இடத்தில் வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் மின்கட்டணம். பெருநகரத் திட்டக் குழு திட்டம் தீட்டும். கடன் வாங்கி, ஒப்பந்தம் விட்டு, இருபது ஆண்டு பராமரிக்க ஒரு நிர்வாகம் வேண்டாமா?

பல்லவபுரத்தான் எழுதியது:

நீர்வழி ஐயா கேட்ட கேள்விக்கு நம் பக்கத்து ஊரே பதில் சொல்லியிருக்கிறது. ஆலந்தூரை நினைத்துப் பாருங்கள். 1996-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதன் மன்றம், வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள், பாதாளச் சாக்கடை போடுகிறோம் என்று தெருத் தெருவாகப் போய் மக்களைக் கேட்டது. மக்கள் நம்பிக் கொடுத்தார்கள். மீதிக்குக் கடனும் தனியார் முதலீடும் திரட்டி அந்தத் திட்டத்தை முடித்தும் காட்டினார்கள். நாடெங்கிலும் இருந்து அலுவலர்கள் வந்து பார்த்துப் போனார்கள். அப்போது ஆலந்தூர் மாநகராட்சியின் பகுதி அன்று. ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஒரு நகராட்சி. மன்ற உறுப்பினர் முகம் தெரிந்தவர் என்பதால்தான் அந்த 5,000 ரூபாய் வந்தது. 2011-இல் அதே ஆலந்தூரைச் சென்னையோடு சேர்த்துவிட்டார்கள். அந்த ஆண்டு 42 உள்ளாட்சிகள் சென்னைக்குள் போயின. 174 சதுர கிலோமீட்டர் நகரம் 426 ஆயிற்று. இன்று ஒரு வார்டு உறுப்பினர் வந்து முன்பணம் கேட்டால் எத்தனை வீடுகள் கொடுக்கும்?

நீர்வழி எழுதியது:

ஆலந்தூர் எனக்கும் பிடித்த எடுத்துக்காட்டு. ஆனால் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தை நீங்கள் சொல்லவில்லை. ஆலந்தூரின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஆலந்தூரில் இல்லை, பெருங்குடியில் இருக்கிறது. தன் எல்லைக்குள் நிலம் கிடைக்காமல், நாட்டுக்கே எடுத்துக்காட்டான அந்த நகராட்சி வேறோர் ஊரைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

ஏரிக்கரை வீடு எழுதியது:

நான் சிட்லபாக்கத்துப் பெண். பேரூராட்சியாக இருந்தபோதும் இங்கேதான், மாநகராட்சி ஆன பிறகும் இங்கேதான். இரு தரப்பிலும் விட்டுப்போன ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை முழுவதும் குடிநீருக்குத் தவித்தபோது, எங்கள் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்புகளில் பல ஆண்டுக் குப்பை தெரிந்தது. ஊர்க்காரர்கள் கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினோம். பள்ளிப் பிள்ளைகள் வந்தார்கள், ஓய்வு பெற்றவர்கள் வந்தார்கள், எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே கூடையைப் பிடித்துத் தூக்கினார்கள். அதன் பிறகுதான் அரசு ஏரியைச் சீரமைக்க நிதி ஒதுக்கியது. அந்த நேரத்தில் எங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் இல்லை, மாநகராட்சியும் இல்லை. பேரூராட்சியா மாநகராட்சியா என்பதைவிட, ஊர் ஒன்றாகக் கூட ஓர் இடம் இருக்கிறதா என்பதே எனக்கு முக்கியம்.

அதனால்தான் 2022-இல் நகரங்களில் வார்டு குழுவுக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபைக்கும் விதிகள் வந்தபோது நான் மிகவும் நம்பினேன். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று பகுதி சபைகள் கூடின. கிராம சபை நகரத்துக்கும் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். பிறகு விதிகளைப் படித்துப் பார்த்தேன். பகுதி சபையின் பிரதிநிதியை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மன்றம் நியமிக்கிறது. சபை முன்மொழியலாம், கிராம சபையைப் போல் ஊரின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. முடிச்சூரான் அண்ணா பதிவேட்டைத் தொடும் உரிமை என்றாரே, அந்த உரிமை இங்கே பகுதி சபைக்கு வந்தால், இணைப்பைப் பற்றிய அச்சத்தில் பாதி குறைந்துவிடும் என்று நினைக்கிறேன்.

சேலையூர் ஆசிரியை எழுதியது:

ஏரிக்கரை வீடு சகோதரி சொன்னதை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் கிராம சபையைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. நகரமாகிவிட்ட ஊராட்சிகளில், அடுக்குமாடிகளில் புதிதாகக் குடிவந்தவர்களில் எத்தனை பேர் கிராம சபைக்கு வருகிறார்கள்? பலருடைய வாக்காளர் அட்டை இன்னும் பழைய முகவரியில் இருக்கிறது. அந்தச் சபையில் பேசுவது பெரும்பாலும் பழைய ஊர்க்காரர்கள். பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து விடப்பட்ட மக்கள் அந்தச் சபையில் தம்மை வந்தேறிகளாக உணராமல் பேச முடிகிறதா?

முடிச்சூரான் எழுதியது:

நியாயமான கேள்வி, அம்மா. எங்கள் ஊரிலேயே புதுக் குடியிருப்புக்காரர்கள் சபைக்கு வருவது குறைவு. அழைக்காதது எங்கள் தவறும்தான். பெரும்பாக்கத்தைப் பற்றி நான் நேற்று இரவெல்லாம் யோசித்தேன். அந்த ஊருக்கு நகர நிர்வாகம் தேவை என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. ஆனால் பெரும்பாக்கத்துக்குத் தேவை என்பதற்காக 15 ஊராட்சிகளையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டுமா? ஒவ்வோர் ஊரின் நிலையும் வேறு. கவுல் பஜார் விமான நிலையத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறது; மேடவாக்கம் கடைத்தெருவாகிவிட்டது; எங்கள் ஊரில் பாதி இன்னும் கிராமம்.

பல்லவபுரத்தான் எழுதியது:

எல்லையைப் பற்றிப் பேசுகிறோம் என்றால் எல்லா எல்லைகளையும் பேச வேண்டும். எங்கள் ஊரின் நடுவிலேயே புனித தோமையார்மலை – பல்லாவரம் படைமுகாம் வாரியம் இருக்கிறது. அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ளது. மாநகராட்சிக்கு அங்கே வேலையில்லை. ஒரே சாலையின் ஒரு புறம் மாநகராட்சி, மறுபுறம் வாரியம். விமானப்படை நிலமும் ரயில்வே நிலமும் மைய அரசின் சொத்து என்பதால் அரசமைப்புச் சட்டத்தின் 285-ஆவது பிரிவின்படி அவற்றுக்குச் சொத்துவரி போட முடியாது. ஆக, ஒரே நிர்வாகம் என்ற நீர்வழி ஐயாவின் கனவில் ஊரின் நடுவிலேயே பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. அந்த ஓட்டைகளை அடைக்க முடியாதவர்கள் சுற்றியுள்ள எளிய ஊராட்சிகளை மட்டும் எடுத்துக்கொள்வதில் என்ன நேர்மை?

குப்பையையும் பாருங்கள். பல்லாவரம், தாம்பரம் நகராட்சிகளின் குப்பையைக் கையாள ஓர் ஆலை அமைத்தபோது அதை வேங்கடமங்கலத்தில் அமைத்தார்கள். அது மாநகராட்சிக்கு வெளியே, காட்டாங்கொளத்தூர் ஒன்றியத்தில் உள்ள ஊராட்சி. நாற்றம் அவர்களுக்கு, வாக்கு நமக்கு. எங்கள் ஊர்க் குப்பை அது என்பதால் இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நீர்வழி எழுதியது:

வேங்கடமங்கலத்தைச் சொல்லி நீங்கள் என் பக்கத்துக்கே வலுச் சேர்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த ஊர் மாநகராட்சிக்குள் இருந்திருந்தால், குறைந்தது ஒரு மாமன்ற உறுப்பினராவது எழுந்து எங்கள் தலையில் ஏன் கொட்டுகிறீர்கள் என்று கேட்டிருப்பார்.

முடிச்சூரான் எழுதியது:

எழுபதில் ஒருவர் கேட்டிருப்பார். வாக்கெடுப்பில் அறுபத்தொன்பது பேர் எதிராக இருந்திருப்பார்கள். அதைத்தான் நான் அஞ்சுகிறேன், ஐயா.

என்றாலும் இந்த உரையாடலால் என் நிலை கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் இணைப்பே வேண்டாம் என்று ஒரு வரியில் தீர்மானம் கொண்டுவர எண்ணியிருந்தேன். இப்போது அதை மாற்றி எழுதியிருக்கிறேன். 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இன்னும் முடியவில்லை. 2027-இல்தான் தலைக்கணக்கு வரப்போகிறது. அந்தக் கணக்கெடுப்புக்காகவே 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு நிர்வாக எல்லைகளை மாற்றக் கூடாது என்று சொல்லப்பட்டிருந்தது. 2011-இன் எண்ணிக்கையை வைத்துக்கொண்டு 2026-இல் வார்டு பிரித்தால், பெரும்பாக்கத்தில் குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் கணக்கிலேயே வரமாட்டார்கள். எனவே வரைவு இது:

"புதிய மக்கள்தொகைக் கணக்கு வெளிவரும்வரை முடிச்சூர் ஊராட்சியை எந்த நகர்ப்புற உள்ளாட்சியோடும் இணைக்கக் கூடாது, அதுவரை பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளைத் தனி அலுவலரிடம் விடாமல் உரிய காலத்தில் தேர்தல் நடத்த வேண்டும், அடையாற்றிலும் அதன் வாய்க்கால்களிலும் நடக்கும் பணிகளை முடிச்சூர் ஊராட்சியும் தாம்பரம் மாநகராட்சியும் கூட்டாக ஆய்வு செய்ய ஒரு குழு அமைக்க வேண்டும்."

பிழை இருந்தால் சொல்லுங்கள்.

நீர்வழி எழுதியது:

மூன்றாவது பகுதியில் வரதராஜபுரத்தையும் சேருங்கள். அது வேறு மாவட்டம், காஞ்சிபுரத்தைச் சேர்ந்தது. ஆனால் வெள்ளம் உங்களுக்கும் அவர்களுக்கும் ஒன்றாகத்தான் வருகிறது. இணைப்பு வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆயினும் இந்தக் குழு அமைந்தால், அதற்கு வேண்டிய நீர்வழி வரைபடங்களை வரைந்து தர நான் வருகிறேன்.

ஏரிக்கரை வீடு எழுதியது:

இணைப்பு என்று ஒரு நாள் வந்தால், கிராம சபைக்கு இருக்கும் அதிகாரங்கள் பகுதி சபைக்கும் கிடைத்த பிறகே வர வேண்டும் என்று நான்காவதாக ஒரு வரி சேர்க்க முடியுமா, அண்ணா? உங்கள் ஊரில் அந்தத் தீர்மானம் நிறைவேறினால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நாங்கள் எங்கள் பகுதி சபையில் கேட்போம்.

முடிச்சூரான் எழுதியது:

இரண்டையும் சேர்த்துவிட்டேன். புதுக் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய் இந்த முறை சபைக்கு அழைக்க ஆறு பேர் முன்வந்திருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறோம்.